ஒரே நாளில் இரண்டு சங்கு

காலை 9.05. குழந்தை தத்தெடுப்புத் துறையின் அங்குத் நகரக் கிளை அலுவலகத்தில் ஒரு சம்மதம் காணாமல் போயிருந்தது.

பெட்டியை உடைத்துத் திருடிய காகிதம் அல்ல. டேட்டாபேஸில் ஒரே ஒரு வரி. நான்கு வயது அயெலெனைத் தத்தெடுக்க எதித் பார்ரியாவும் அவள் கணவர் ஓஸ்வால்தோ மான்சீயாவும் தந்த சம்மதம். அது இருந்த இடத்தில் இப்போது 'விலகுகிறோம்' என்று இருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் இதற்கொரு முடிவு தெரியாவிட்டால் குழந்தை பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

9.40. அந்த டேட்டாபேஸை வடிவமைத்த இஸ்மெனியா கார்க்கமோ நனைந்த மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தாள். அவள் போலீஸ்காரி இல்லை. ஆனால் அவள் கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

கிளைத் தலைவி நோர்மா திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"நீயே பாரு இஸ்மெனியா. ஜூலை பதினெட்டு. 11.20க்கு இந்தம்மா இங்க சம்மதம்னு பதியிறாங்க. 11.50க்கு புருஷன் புந்தா அரேனாஸ் கிளையில விலகுறோம்னு பதியிறாரு. ரெண்டு பேர்ல யார் பதிஞ்சாலும் செல்லும். கடைசி வார்த்தை அவரோடது."

"இல்லவே இல்ல!" எதிரே கணவரோடு உட்கார்ந்திருந்த எதித் எழுந்துவிட்டாள். "அவர்தான் முதல்ல விலகினாரு. அதுக்கப்புறம்தான் நான் சம்மதம் போட்டேன்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? இங்க பாருங்கம்மா, தயங்குறவங்களுக்குக்கூட நான் குழந்தையைக் கொடுப்பேன். பொய் சொல்றவங்களுக்குக் கொடுக்க மாட்டேன்."

நோர்மா ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு குழந்தைகளைத் தன் கையாலேயே திரும்ப வாங்கியவள். அந்தச் சூடு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

10.10. இஸ்மெனியா கணவரிடம் ஆரம்பித்தாள். தெற்கே புந்தா அரேனாஸில் கப்பல் பட்டறை வெல்டர். நேற்றுத்தான் விமானத்தில் வந்தவர்.

"ஏன் விலகினீங்க, ஓஸ்வால்தோ ஐயா?"

"பயம்."

"என்ன பயம்?"

"வருஷத்துல பாதி நான் அங்க இருக்கேன். வீட்டுக்கு வர்றப்ப அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து நீ யாருன்னு கேட்டுட்டா?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதிஞ்சிட்டு வெளிய வந்ததும் மனசு கேக்கல. எதித்துக்கு போன் பண்ணினேன். அழுதுட்டேன்."

"நல்லாவே அழுதாரு," என்றாள் எதித். "நீ யாருன்னு கேட்டா பேரைச் சொல்லுய்யா, இதுக்குப் போயி ஒரு பிள்ளையை வேண்டாம்பியான்னு திட்டினேன். நடுவுல சங்கு வேற, ஒண்ணும் காதுல விழல. கடைசில, நீயே போயி சம்மதம்னு போடுன்னாரு. துருவிக்கிட்டிருந்த உருளைக்கிழங்கை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன்."

ஓஸ்வால்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் 11.15. சுவரில் 10.15.

"உங்க கடிகாரமும் உங்களை மாதிரி அவசரக்குடுக்கைதானா?" என்றாள் நோர்மா. மனிதர் சட்டைக் கையை இழுத்து அதை மறைத்துக்கொண்டார்.

10.30. சாந்தியாகோ, அங்குத், புந்தா அரேனாஸ் என்று மூன்று ஊரில் மூன்று சர்வர். மூன்றிலும் ஒரே அட்டவணை. ஒன்றில் எழுதினால் நொடியில் மற்ற இரண்டும் அதைப் படியெடுத்துக்கொள்ளும். ஜூலை பதினெட்டு, நடுக் குளிர்காலம். அன்றைய புயலில் கேபிள் அறுந்து, ஒவ்வொரு சர்வரும் தன்பாட்டுக்கு எழுதியது. சாயங்காலம் இணைப்பு வந்தபோது ஒரே வரிக்கு இரண்டு பதிவு. பிந்திய நேரம் எதில் இருக்கிறதோ அது நிற்கும், மற்றது அழிந்து வரலாற்றுக் குறிப்பில் மட்டும் இருக்கும். இஸ்மெனியாவே எழுதிய விதி அது.

இஸ்மெனியா எல்லாப் பதிவுகளையும் புரட்டினாள். வெளியாள் நுழையவில்லை. உள்ளாளும் கை வைக்கவில்லை. அதுதான் அவளுக்கு உதைத்தது.

11.25. எதித் மடியில் இருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். "பொண்ணுக்காகச் சுட்ட மில்க்காவோ. நிறைய இருக்கு, நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்க. காலைலேர்ந்து பட்டினியா இருக்கீங்க."

யாருக்காக இந்தப் பாடு படுகிறார்களோ அந்தக் குழந்தை கிடைக்குமா என்றே தெரியாத நேரத்தில், இவளுக்கு அடுத்தவள் பசி தெரிகிறது. இஸ்மெனியா கை நீட்டி ஒன்றை எடுத்தாள். உருளைக்கிழங்கு அடையை ஒரு கடி கடித்தாள். அப்படியே நிறுத்தினாள்.

"அன்னிக்கு உருளைக்கிழங்கைப் போட்டுட்டு ஓடி வந்தீங்களே, எத்தனை தடவை சங்கு கேட்டீங்க?"

"ரெண்டு தடவை. போன்ல ஒண்ணு, அவர் பக்கத்துல. அப்புறம் வீட்டுக்குத் திரும்பி இதே மாதிரி அடை பொரிக்கிறப்ப ஒண்ணு, நம்ம ஊர்ச் சங்கு."

"தீயணைப்பு நிலையத்துச் சங்கு பகல் பன்னிரண்டுக்குத்தானே ஊதும்?" நோர்மா சிரித்தேவிட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனை பன்னிரண்டு?"

"குளிர்காலத்துல ரெண்டு," என்றாள் இஸ்மெனியா.

இரண்டு சர்வரிடமும் இப்போது மணி என்ன என்று கேட்டு ஒரே ஒரு கட்டளை தட்டினாள். திரையில் பதில் வந்தது. அங்குத்: 11.31. புந்தா அரேனாஸ்: 12.31.

"தெற்குல இப்ப நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னாடி. இது எல்லாருக்கும் தெரியும், அதனாலயே யாரும் யோசிக்கல. ரெண்டு சர்வரும் அதது ஊர் மணியை எழுதியிருக்கு. அவர் விலகின 11.50 நமக்கு 10.50. போன் பேசுறப்ப அங்க பன்னிரண்டுச் சங்கு, இங்க பதினொண்ணுதான். 11.20க்கு இந்தம்மா சம்மதம். அதுதான் கடைசி வார்த்தை."

நோர்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு ஓஸ்வால்தோவின் சட்டைக் கையைப் பார்த்தாள்.

"அப்ப குற்றவாளி?" என்றாள் நோர்மா.

"நான்தான். இந்தப் புரோகிராமை எழுதினப்ப நம்ம கிளைங்க எல்லாத்துக்கும் ஒரே மணி. அப்புறம் தெற்குக்குத் தனி மணி வந்துச்சு. நான் திரும்பிக்கூடப் பார்க்கல. கோடையில ரெண்டும் ஒண்ணா ஓடும், குளிர்காலத்துல கேபிளும் அறுந்தாத்தான் தப்பு தெரியும்." அவள் தம்பதியின் பக்கம் திரும்பினாள். "என்னை மன்னிச்சிடுங்க."

"முதல்ல தப்புப் பண்ணினது நான்தான், இஞ்சினியரம்மா," என்றார் ஓஸ்வால்தோ.

"அது நிஜம்," என்றாள் எதித், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நோர்மா தன் கையாலேயே அந்த வரியைத் திருத்தினாள். "உங்களைப் பொய் சொல்றவங்கன்னுட்டேன். மனசுல வச்சுக்காதீங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் குழந்தையை அழைத்துவரப் போனாள்.

11.59. அயெலென் வாசலில் நின்று ஓஸ்வால்தோவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு?"

வெல்டர் மனைவியைப் பார்த்தார். எதித் முழங்கையால் இடித்தாள். "பேரைச் சொல்லுய்யா."

"ஓஸ்வால்தோ."

சங்கு ஊதியது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, கிட்டத்தில் இருந்த முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். அது அவருடைய முழங்கால். சங்கு ஓயும் வரை அவர் அவள் தலையில் கை வைத்திருந்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார்.