மாப்பிள்ளைக்குப் பாதி அலுமாரி

1996 ஓகஸ்ட். புதன்கிழமை, காலை 11.20.

கல்முனைக்குடி மீராமுகைதீன் ஹாஜியாரின் வீட்டில் ஒரு மெறூன் நிறச் சேலையும், அதன் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த வீட்டு உறுதிப் பத்திரமும் காணாமல் போயிருந்தன. சேலைக்காக யாரும் அழவில்லை. அந்த வீட்டில் இன்னும் நூற்றுச் சொச்சம் சேலை கிடந்தது.

உறுதிதான் தலையிடி. வெள்ளிக்கிழமை இளைய மகள் முஸ்பிறாவுக்கு நிக்காஹ். பாலமுனை மாப்பிள்ளை வீட்டார் இன்று பின்னேரம் நாலு மணிக்கு உறுதி எழுதும் நொத்தாரிசையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்த ரோட்டோர வீட்டை முஸ்பிறாவின் பேருக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வரமாட்டார். இதை அவர்கள் மிக மரியாதையாகவே சொல்லிவிட்டிருந்தார்கள்.

ஹாஜியார் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். யோசிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு ஐந்து நிமிடமே அதிகம். பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் கேதீஸ்வரி, அலுமாரியில் கழித்த பழைய கடதாசிகளைக் காலையில் வீட்டின் பின்வளவில் எரித்திருந்தாள். அது போதுமாயிருந்தது.

"கள்ளி! சாரியக் களவெடுத்துப் போட்டு உறுதிய எரிச்சிட்டாள்," என்று வாசல் படலையடியில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார். "நாலு மணிக்குள்ள சாமான் வராட்டி பொலிசுக்குக் குடுப்பன்."

சண்டை நடந்த அந்த நாளில் பாண்டிருப்புத் தமிழ்ப் பெண் ஒருத்தி பொலிசுக்குப் போனால் எப்போது திரும்புவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹாஜியாருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

11.45.

ஹப்ஸா டீச்சர் வந்தார். இருபத்தெட்டு வருடம் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முகத்துக்கு நேரே மனிதரை இளக்காரம் செய்வதில் இன்னும் ஓய்வு பெறவில்லை. களவு விசாரிக்க அவரை யாரும் அழைக்கவில்லை. அலுமாரியை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லித்தான் ஹாஜியாரின் மனைவி ஆயிஷா உம்மா ஆள் அனுப்பியிருந்தார்.

இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை தன் உடுப்புகளோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அவருக்கென்று பெண் வீட்டார் ஒதுக்கிக் கொடுப்பது அலுமாரியில் ஒரு பாதி. அந்தப் பாதியைக் காலியாக்கத்தான் காலையிலிருந்து இத்தனை அமளியும்.

டீச்சர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டில் தெரியவில்லை. பழசு, உடுக்கிறது, புதுசு என்று மூன்று குவியல். ஜித்தாவிலிருந்து வந்த கம்பளி நாலு உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. கல்முனை வெயிலில் அதைப் போர்த்தப் போவது யாரென்று தெரியவில்லை.

"ஒரு மனிசிக்கு எத்தின உடம்பு ஆயிஷா உம்மா?" என்றார் டீச்சர். "சரி. கதைங்க. உறுதிய எப்ப கடைசியாப் பார்த்த?"

"முந்தாநேத்து. மெறூன் சாரிக்குள்ள கையப் போட்டுப் பார்த்தன். இரிந்திச்சி."

"எந்த மெறூன் சாரி?"

"மூத்தவள் றாஹிலாட கலியாணத்துக்கு உடுத்த. ஒரு தரந்தான் உடுத்த. முந்தானையில ஒரே சரிகை. கறுத்துப் போகுமெண்டு முந்தானைய உள்ளுக்கு வெச்சு மடிச்சிருந்தன். உறுதி அதுக்குள்ள எண்டு வீட்டாக்கள் எல்லாருக்கும் தெரியும்."

"இண்டைக்கு?"

"எட்டு மணிக்கு எல்லாத்தையும் கட்டில்ல கொட்டினம். மறுகா சமைக்கக் குசினிக்குப் போயிட்டம். பதினொண்டுக்கு வந்து தேடினன். பழசிலயும் இல்ல, உடுக்கிறதிலயும் இல்ல."

"இடையில ஆர் ஆர் இந்த அறைக்குள்ள வந்த?"

முஸ்பிறா பதில் சொன்னாள். "ஒம்பது மணிக்கு நஸீம் மச்சான் வந்த. புது மாப்பிள்ளைக்கு உடுக்கவெண்டு மூணு சேட்டு கொண்டந்து வெச்ச. மறுகா வாப்பா வந்து தொப்பி தேடின. பத்து மணிக்குக் கேதீஸ்வரி வந்து பேப்பரெல்லாம் அள்ளின."

நஸீம், றாஹிலாவின் புருஷன். கல்முனை பசாரில் துணிக்கடை. வளவின் பின்பக்கம், குறுகிய ஒழுங்கை ஓரமாக இருக்கும் றாஹிலாவின் சீதன வீட்டில் குடியிருக்கிறான். கலியாண வாரம் என்று கடையைப் பூட்டிவிட்டு, காலையிலிருந்து இந்த வளவை விட்டு அசையாமல் பந்தல்காரனை மேய்த்துக்கொண்டிருந்தான். மூத்த மருமகனுக்கு எவ்வளவு பொறுப்பு என்று ஊர் மெச்சியது. ஊர் எதைத்தான் மெச்சவில்லை?

12.10. பின்வளவு.

கேதீஸ்வரி சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"என்னத்த எரிச்ச?"

"தட்டுக்கு விரிச்சிருந்த பழைய பேப்பர், டீச்சர். முத்திரை குத்தின, ஒப்பம் வெச்ச கடதாசியெல்லாம் வேறயா எடுத்து உம்மாட மேசையில வெச்சனான். நான் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான்."

"அத ஹாஜியாரிட்டச் சொன்னயா?"

"ஆறு வருசமா வேல செய்யிறன். நான் வாசிப்பனோ எண்டு ஒருத்தரும் கேக்கல்ல." சாம்பலைப் பார்த்தபடியே சொன்னாள். "என்னப் பொலிசுக்குக் குடுத்திராதேங்க டீச்சர்."

டீச்சர் மேசையைப் போய்ப் பார்த்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், லைட் பில்கள், ஹாஜியார் ஹஜ்ஜுக்குப் போன பழைய டிக்கட்டு, எல்லாம் திகதி வாரியாக அடுக்கியிருந்தன. கழிந்த டிக்கட்டைக்கூட எரிக்காதவள் உறுதியை எரிப்பாளா? சத்தம் போட்ட நேரத்தில் ஹாஜியார் நாலு எட்டு வைத்து இந்த மேசைக்கு வந்திருக்கலாம்.

பிறகு டீச்சர் 'புதுசு' குவியலுக்குப் போனார். ஏழு சேலைகள். எல்லாவற்றிலும் சரிகை முந்தானை வெளியே மினுங்கியது. ஒவ்வொன்றாக எடுத்துக் கரையைத் தடவினார். ஐந்தாவதில் கை நின்றது. கரையில் ஒரு ரூபாய் நாணயக் குத்தியளவு மஞ்சள் கறை. முகர்ந்து பார்த்தார். நெய்.

"இத ஆர் புதுசில வெச்ச?"

"நான்தான்," என்றாள் முஸ்பிறா. "பத்துக்கு மறுகா வந்து குவியல் பிரிக்கக்குள்ள கடை மடிப்புக் கலையாம இரிந்திச்சி."

டீச்சர் அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

2.45.

"நாலு மணிக்கு ஆக்கள் வரப்போறாங்க. எல்லாரும் வாங்க, ஆளுக்கொரு சாரி மடிங்க," என்றார் டீச்சர். "ஹாஜியார், நீங்களுந்தான். நஸீம், நீயும் வா மகன்."

ஆயிஷா உம்மா முந்தானையை உள்ளே வைத்து மடித்தார். றாஹிலாவும் முஸ்பிறாவும் கேதீஸ்வரியும் அவரிடம் பழகியவர்கள், அப்படியே மடித்தார்கள். ஹாஜியார் கரைவலை சுருட்டுவதுபோல் ஒன்றைச் சுருட்டிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

நஸீம் பந்தல்காரனைத் திட்டிக்கொண்டே மடித்தான். கண் ஜன்னலில் இருந்தது, கை தன் பாட்டில் ஓடியது. முழங்கையில் போட்டு, நாலு இழுப்பில் மடித்து, முந்தானையை வெளியே திருப்பி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிக் கட்டிலில் வைத்தான்.

டீச்சர் ஐந்தாவது சேலையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே மடிப்பு.

"ஆயிஷா உம்மா, இத விரிங்க."

விரித்தார். உள்ளே முழுக்க மெறூன்.

"இது என்ட சாரியா?"

"உங்கடதான். றாஹிலாட கலியாணத்துப் புரியாணி நெய் கரையில இரிக்கி. மெறூன் வெளிய தெரியுமெண்டு தேடினீங்க. சரிகை வெளிய இருந்ததால உங்கட சாரி உங்களுக்கே தெரியல்ல. பத்துச் சாரி வெச்சிருந்தா இந்தக் களவு பத்து நிமிசம் தாங்காது."

டீச்சர் விரித்த சேலையின் முந்தானையைத் தூக்கிக் காட்டினார்.

"முந்தாநேத்து முந்தானை உள்ளுக்கு இரிந்திச்சி. இண்டைக்கு வெளிய. உறுதிய இழுக்கக்குள்ள சாரி கலைஞ்சிரிக்கி. கலைச்சவர் திருப்பி மடிச்சார். களவெடுக்க யோசிச்சார், மடிக்க யோசிக்கல்ல. சாரியக் கண்டா முந்தானைய வெளிய காட்டுற கை இந்த வளவுக்குள்ள ஒண்டுதான் இரிக்கி. என்ன நஸீம்?"

நஸீம் சிரிக்கப் பார்த்தான். "கடையில மடிச்ச மடிப்பு அப்பிடியே இரிந்திருக்கும் டீச்சர்."

"கடையிலயே புரியாணியும் தின்ற சாரியா?"

அவன் முகம் விழுந்தது. கெட்டிக்காரன் என்று தன்னை நினைத்தவன், ஒரு நெய்ச் சொட்டிடம் தோற்றுப்போனான்.

"எனக்கு ஒழுங்கைக்குள்ள வீடு," என்றான். குரல் உயர்ந்தது. "வரப்போறவனுக்கு ரோட்டு வீடு. மெயின் ரோட்டுல கடை போட எனக்கு ஒரு இடம் தாங்க எண்டு எத்தின தரம் கேட்ட மாமாவ? இந்தக் கலியாணம் குழம்பினா வீடு மிஞ்சும்."

"அதுக்குக் கேதீஸ்வரி பொலிசுக்குப் போகணும். அப்பிடியா?"

அவள் பேர் அவன் கணக்கில் வந்திருக்கவே இல்லை.

"உறுதி எங்க?" என்று கத்தினார் ஹாஜியார்.

"சும்மா இரிங்க," என்றார் டீச்சர். "காலையிலரிந்து இவர் வளவ விட்டு வெளிக்கிடல்ல. இந்த வளவுக்குள்ள மருமகனுக்கெண்டு சொந்தமா இரிக்கிறது அலுமாரியில பாதி. வேற எங்க ஒளிப்பார்? றாஹிலா, போய்ப் பாரு புள்ள."

3.10க்குப் போன றாஹிலா 3.50க்குத்தான் வந்தாள். ஒரு கையில் உறுதி. மற்றக் கையில் படுக்கை விரிப்பில் கட்டிய பெரிய பொட்டலம். உறுதியைத் தங்கச்சியின் மடியில் வைத்தாள். பொட்டலத்தை நஸீமின் காலடியில் போட்டாள். சாறனும் சேட்டும் சரிந்து வெளியே வந்தன.

"என்ட அலுமாரியும் ஒதுக்கியாச்சி," என்றாள்.

ரோட்டில் வேன் வந்து நின்றது. ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். காலையில் நடந்தது அவருக்கு அதற்குள் மறந்துவிட்டது.

"கேதீஸ்வரி, தேத்தண்ணிய ஊத்து. கெதியா."

கேதீஸ்வரி அசையவில்லை.

"படலையடியில நிண்டு கள்ளி எண்டீங்க ஹாஜியார். அங்கயே நிண்டு இல்லையெண்டு சொல்லுங்க. மறுகா ஊத்துறன்."

ஹாஜியார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மெறூன் சேலையின் முந்தானையை உள்ளே வைத்து மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. ஆயிஷா உம்மாவைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

படலை திறந்திருந்தது. பாலமுனைக்காரர் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நொத்தாரிசு. ஒழுங்கையில் காலையில் வேடிக்கை பார்த்த அதே சனம். ஹாஜியார் நடந்துபோய்ப் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல்ல ஹாஜியார்," என்றாள் கேதீஸ்வரி. "காலையில நல்லாக் கேட்டிச்சி."