இருபத்து நாலு கேடட்டுகளும் ஒரு முட்டை வண்டியும்

காலை எட்டு மணிக்கே இருபத்து நாலு மாணவிகளும் பள்ளி மைதானத்தில் வந்து நின்றுவிட்டார்கள். தினமும் மணி அடித்த பிறகு ஓடிவரும் அக்சிலியாகூட வந்திருந்தாள்.

காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட், கறுப்பு பூட்ஸ், தொப்பியில் சிவப்புக் குஞ்சம். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டைகள் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன.

"குனிஞ்சா சட்டை உடைஞ்சு போயிரும்போல இருக்குது" என்றாள் நித்யஸ்ரீ.

அவள் எட்டாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதில் சேர்ந்தால் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கலாம், அடிபட்டவருக்குக் கட்டுப் போடலாம், முகாமுக்குப் போய்க் கூடாரத்தில் தங்கலாம், துப்பாக்கிகூடச் சுடலாம் என்று சொன்னார்கள். நித்யஸ்ரீ துப்பாக்கிக்காகத்தான் சேர்ந்தாள். துப்பாக்கி இன்னும் கண்ணிலேயே படவில்லை. இதுவரை கற்றுக்கொண்டதெல்லாம் நிற்பதும் நடப்பதும் திரும்புவதும்தான்.

அந்தத் திரும்புவதில்தான் சிக்கல். கட்டளைகள் எல்லாம் இந்தியில் இருக்கும். "தாஹினே முட்" என்றால் வலப்பக்கம் திரும்பிக் காலைத் தரையில் அடிக்க வேண்டும். இருபத்து நாலு கால்களும் சேர்ந்து 'டப்' என்று ஒரே சத்தம் வர வேண்டும். இவர்களுக்கோ தகரக் கொட்டகையில் மழை பெய்த மாதிரி 'டபடபடப' என்று வரும். அதில் முதல் 'டப்' எப்போதும் நித்யஸ்ரீயுடையது. கட்டளை முடிவதற்குள் அவள் திரும்பிவிடுவாள். அதனால் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

இன்று நாமக்கல்லில் பள்ளிகளுக்கு இடையே அணிவகுப்புப் போட்டி. முதல் முறையாக இவர்கள் பள்ளியும் கலந்துகொள்கிறது. என்.சி.சி. அதிகாரியான செல்வமேரி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பத்து மணிக்குள்ள மைதானத்துல பேரு குடுக்கணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் சேத்துக்க மாட்டாங்க. ஏறுங்க."

பேருந்து எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. சரியாகக் கால் மணி நேரம் போனதும் நின்றது.

குறுகலான சாலையின் குறுக்கே ஒரு சின்ன லாரி சாய்ந்து நின்றது. அதன் பின்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. பின்னால் கூரை உயரத்துக்கு முட்டை அட்டைகள். லாரியின் டிரைவர் தீர்த்தகிரி தலையில் கை வைத்து நின்றார்.

"ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்க. வண்டியை ஒடிச்சுத் திருப்புனதுல சக்கரம் எறங்கிப் போச்சு" என்றார். "பாரத்தோட தூக்குனா வண்டி சாஞ்சிருமுங்க. முட்டை பூராவும் எறக்கோணும். பண்ணையில இருந்து ஆளுங்க வர ஒரு மணி நேரம் ஆகுமுங்க."

"சுத்திப் போக வேற ரோடு இல்லையா?" என்று டீச்சர் பேருந்து ஓட்டுநர் பெரியசாமியிடம் கேட்டார்.

"இருக்குதுங்க. போய்ச் சேரப் பத்தரை ஆயிருமுங்க."

ஒன்பதாம் வகுப்பு சௌந்தர்யாதான் அணித் தலைவி. "டீச்சர், நாங்க எறக்கிர்றோம்" என்றாள்.

டீச்சர் தலையசைத்ததும் எல்லோரும் குதித்து ஓடினார்கள். ஆளுக்கொரு அட்டையைத் தூக்கினார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே இடத்தில் முட்டி மோதினார்கள். இரண்டாவது நிமிடமே அக்சிலியாவின் அட்டை சரிந்தது. பதினொரு முட்டைகள் உடைந்தன. அக்சிலியாவின் சட்டையில் பெரிய மஞ்சள் வட்டம். பக்கத்தில் நின்ற நித்யஸ்ரீயின் சட்டைக் கையிலும் மஞ்சள் வழிந்தது.

"நில்லுங்க எல்லாரும்" என்றார் டீச்சர். "இப்படிப் பண்ணினா ஒரு முட்டையும் மிஞ்சாது."

நித்யஸ்ரீ கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்க ஊட்டுல கோழிப் பண்ணை இருக்குதுங்க. அங்க அட்டையைத் தூக்கிட்டு ஓட மாட்டாங்க. நின்ன எடத்துலயே கை மாத்தி உடுவாங்க. நம்ம வரிசையா நின்னுக்கலாமுங்க. சௌந்தர்யா அக்கா எண்ணட்டும். ஒண்ணுன்னா வாங்கோணும், ரெண்டுன்னா திரும்போணும், மூணுன்னா குடுக்கோணும்."

"டிரில் மாதிரியே" என்றாள் சௌந்தர்யா. அவள் முகம் மலர்ந்தது. "எல்லாரும் வரிசையில நில்லுங்க. ஒரு கை தூரம்."

லாரியிலிருந்து வேப்பமர நிழல் வரைக்கும் வரிசை நீண்டது. தீர்த்தகிரி மேலே ஏறி முதல் அட்டையை நீட்டினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நித்யஸ்ரீ நடுவில் நின்றாள். அட்டை கைக்கு வந்ததும் வழக்கம்போல முன்னாலேயே திரும்பிவிட்டாள். வாங்க அங்கே கை இல்லை. அடுத்து நின்ற அக்சிலியா இன்னும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது முட்டைகளோடு நித்யஸ்ரீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்சிலியா திரும்பிக் கை நீட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த அட்டைக்கு அவள் அவசரப்படவில்லை. சௌந்தர்யாவின் "ரெண்டு" முழுசாகக் காதில் விழும்வரை காத்திருந்தாள். திரும்பினாள். அங்கே இரண்டு கைகள் தயாராக இருந்தன.

ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு. இருபது அட்டை, ஐம்பது அட்டை, நூறு அட்டை. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. பைக்கில் வந்தவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் தன்னையறியாமல் "ஒண்ணு, ரெண்டு" என்று தானும் எண்ண ஆரம்பித்தார்.

பதிமூன்றாவது நிமிடம் லாரி காலி. பெரியசாமியும் பைக்கில் வந்தவர்களும் சேர்ந்து சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துத் தள்ளினார்கள். லாரி உறுமி மேலே ஏறியது. மாணவிகள் கைதட்டினார்கள்.

மணி ஒன்பது இருபத்து மூன்று.

"கெளம்புங்க சாமி" என்றார் தீர்த்தகிரி. "உங்களுக்குப் போட்டி இருக்குதாமல்லோ. இனி நான் பாத்துக்கறேன்."

நித்யஸ்ரீ மரத்தடியைப் பார்த்தாள். இருநூற்றுப் பத்து அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவர் ஒரே ஆள்.

"டீச்சர், எறக்கப் பதிமூணு நிமிஷம் ஆச்சுங்க. இப்பக் கை பழகிருச்சு. ரெண்டு ரெண்டு அட்டையாக் குடுத்தா பத்து நிமிஷத்துல ஏத்திரலாமுங்க."

டீச்சர் பெரியசாமியைப் பார்த்தார். "பத்து நிமிஷம் போனா நேரத்துக்குச் சேர முடியுமா?"

"ஒம்பது முப்பத்தஞ்சுக்குள்ள கெளம்புனா சேத்திருவேனுங்க."

"சௌந்தர்யா, ஆரம்பி" என்றார் டீச்சர்.

ஒன்பது நிமிடத்தில் ஏற்றி முடித்தார்கள். ஒரு முட்டைகூட உடையவில்லை.

மைதானத்தின் வாசலில் பேருந்து நின்றபோது பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. சௌந்தர்யா ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தாள். சேர்த்துக்கொண்டார்கள்.

முதலில் சீருடைச் சோதனை. மீசை வைத்த ராணுவ சுபேதார் ஒருவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்சிலியாவின் சட்டையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். நித்யஸ்ரீயின் முன்னால் நின்றேவிட்டார்.

"இது என்ன கறை?"

"முட்டைங்க சார்." விறைப்பாக நிற்கும்போது நேராகத்தான் பார்க்க வேண்டும். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலையில அவசரமா சாப்பிட்டியா?"

"இல்லைங்க சார். வண்டியில இருந்து எறக்கி, மறுபடி ஏத்துனோமுங்க."

"எத்தனை முட்டை?"

"ஆறாயிரத்து முந்நூறுங்க சார்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"உடைஞ்சது?"

"பதினொண்ணுங்க சார்."

சுபேதாரின் மீசை லேசாக அசைந்தது. ஆனாலும் அவர் சீருடைக்குப் பத்துக்கு இரண்டுதான் போட்டார். நித்யஸ்ரீ அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

பிறகு அவர்கள் முறை வந்தது. இருபத்து நாலு பேரும் மைதானத்தின் நடுவில் போய் நின்றார்கள்.

"தாஹினே... முட்."

நித்யஸ்ரீ காத்திருந்தாள். கடைசி எழுத்து காதில் விழுந்தது. திரும்பினாள்.

டப்.

ஒரே சத்தம். வேலியில் உட்கார்ந்திருந்த காகங்கள் மொத்தமாகப் பறந்தன. கூட்டத்தில் நின்ற செல்வமேரி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு 'டப்'.

மதியம் முடிவு சொன்னார்கள். முதல் பரிசு ஒரு பெரிய விடுதிப் பள்ளிக்கு. இரண்டாம் பரிசு இவர்களுக்கு. வித்தியாசம் மூன்று மதிப்பெண்.

"சட்டைக்கு மட்டும் எட்டு மார்க் போச்சு" என்று அக்சிலியா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"ஆனா திரும்பறதுல நமக்குத்தான் முழு மார்க்கு" என்றாள் சௌந்தர்யா. பரிசுக் கோப்பையை நித்யஸ்ரீயின் கையில் கொடுத்தாள். அது வரிசை முழுக்கக் கை மாறிக் கை மாறிப் போனது.

அப்போது முதல் பரிசு வாங்கிய அணியின் தலைவி அவர்களிடம் வந்தாள். நித்யஸ்ரீயைவிட ஒரு முழம் உயரம்.

"நீங்க திரும்பினது சூப்பரா இருந்துச்சு. நாங்க அஞ்சு மாசமாப் பழகறோம், அப்படி ஒரு சத்தம் வரவே இல்ல. எப்படிப் பழகினீங்க? எங்களுக்கும் சொல்லித் தரீங்களா?"

நித்யஸ்ரீ தன் சட்டைக் கையிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்தாள்.

"சொல்லித் தாரோமுங்க அக்கா" என்றாள். "ஆனா, முதல்ல ஒரு லோடு முட்டை வேணுமுங்க."