பொது இடம்

பால் கருகிய பாத்திரத்தின் அடி வெள்ளியாய் மின்னியது. சின்னவள் அதைக் கையிலெடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாணவிகள் சேர்ந்து தங்கும் வீட்டில் சிங்க்கில் கிடக்கும் பாத்திரம் தானாகக் குறையாது, கூடத்தான் செய்யும். தேர்வு விடுமுறை தொடங்கியதிலிருந்து இந்தப் பாத்திரம் ஊறிக்கொண்டே கிடந்தது. அதன் மேல் தட்டுகள், தட்டுகளின் மேல் டம்ளர்கள், டம்ளர்களில் மிதந்த டீத்தூள், எல்லாவற்றின் மேலும் ஆடையாய்ப் படிந்த எண்ணெய், அதிலிருந்து எழுந்து கூடம் வரை வந்து நின்ற புளித்த வாடை. இப்போது சிங்க் காலி. தட்டுகள் கூடையில் அளவு வாரியாக நின்றன. போனது கருகல் மட்டுமல்ல. பாத்திரத்தின் அடியில் பொறித்திருந்த கம்பெனி முத்திரையும் தேய்ந்து போயிருந்தது. விரலால் தடவினாள். கண்ணாடி மாதிரி வழுக்கியது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சிங்க்கைக் காலி செய்தவளுக்கு அந்த வாரம் குளியலறை கழுவும் வேலை கிடையாது. ஆனால் கழுவியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவள் தப்பித்தாள்.

“சிங்க்க நான் கழுவிட்டேன். சொல்லிட்டேன்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரேடியோ. அவளுக்கு வைத்த பெயர் அதுதான்; விழித்தால் பேச ஆரம்பிப்பாள், தூங்கினால்தான் நிறுத்துவாள்.

“புளுகாதடி. உனக்கு சோப்பு எங்க இருக்குன்னே தெரியாது. நான்தான் கழுவினேன்.”

“நீயா? அப்ப நேத்து கட்டில்ல குறட்டை விட்டது யாரு, உன் ஆவியா?”

“ஆமா. அதுக்கும் ஒரு மாப்பு வாங்கிக் குடு.”

இருவரும் சிரித்தார்கள். தான் கழுவவில்லை என்பது ஒவ்வொருத்திக்கும் தெரியும். மற்றவள்தான் கழுவியிருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். கேட்டால் தன் புளுகு வெளியே வந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

மூன்றாவது ஆள் சின்னவளின் அக்கா. அவள் கழுவியிருக்க வாய்ப்பே இல்லை. முதுகலை கடைசி ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தவள்தான். குளிப்பதில்லை. தலை சிக்குப் பிடித்து ஒரே கட்டியாகியிருந்தது. அவள் அறையில் கட்டிலைச் சுற்றிப் பூஞ்சை பிடித்த கப்புகளும், சாப்பிட்டுக் காய்ந்த தட்டுகளும், கழற்றிப் போட்ட துணிகளும் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. அம்மாவிடம் சின்னவள் எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அம்மா ஒன்றையேதான் சொல்வாள். “அவள எப்படியாவது எழுப்பி உக்கார வச்சுடுமா. உன்ன நம்பித்தான் விட்டிருக்கேன்.”

அதற்குப் பிறகு வீடு தானாகவே சுத்தமாகிக்கொண்டு வந்தது. கல்லூரி நூலகத்திலிருந்து திரும்பினால் கூடத்துத் தரை ஈரமாய்ப் பளபளக்கும். குளியலறையின் சல்லடையில் சிக்கியிருந்த முடி போயிருந்தது. சுவிட்சுகளைச் சுற்றியிருந்த கைக்கறை போயிருந்தது. சில இடங்களில் சுவரின் பெயின்ட்டும் போயிருந்தது. மேசை மேல் மறந்து வைத்துவிட்டுப் போன சின்னவளின் போனை எடுத்துப் பார்த்தபோது திரை பால் போல வெளுத்து, எந்தப் பொத்தானும் இல்லாத ஒரு வழவழப்பான பட்டையாகியிருந்தது. ரேடியோ எதையோ ஊற்றித் துடைத்துவிட்டாள் என்று நினைத்து அவளோடு சண்டை போட்டாள். அவள் தன் போனை நீட்டினாள். அதுவும் அப்படியே.

“நீதான் பண்ணிட்டு எம்மேல பழி போடுறியா?” என்றாள் ரேடியோ. “சுத்தப் பைத்தியம் புடிச்சு அலையிற நீ.”

அன்று மாலைதான் சின்னவள் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். சமையலறைச் சுவருக்குள்ளிருந்து வருவது போல, கம்பி நாரை எதன் மேலோ வைத்து அழுத்தித் தேய்க்கும் சத்தம். கரக், கரக், கரக். அவசரமில்லை. சலிப்பில்லை. பிளீச்சிங் பவுடரின் நெடி, அதற்கு அடியில் நகம் பொசுங்கினாற்போல இன்னொரு வாடை.

மறுநாள் கூடத்துத் துணிக்கொடியில் பூனை தொங்கியது. கீழ்வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள். அவர்களுடைய சாம்பல் பூனை, தினமும் சேற்றுக்காலோடு வந்து கூடத்தில் கோலம் போட்டுவிட்டுப் போகும். இப்போது அது துவைத்த துணிகளுக்கு நடுவே, காதுகளில் கிளிப் மாட்டி உலர்த்தப்பட்டிருந்தது. உடம்பில் ஒரு மயிர் இல்லை. தோலும் இல்லை. இளஞ்சிவப்பாய், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், துடைத்துவிட்டது போலச் சுத்தமாக. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பூனையின் வயிறு ஏறி இறங்கியது. அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பெருக்குமாற்றுக் கட்டையால் அடித்து அதை முடித்தாள். வேறு என்ன செய்வது?

அக்காவின் அறைக்கு ஓடினாள். வீட்டில் அந்த ஓர் அறை மட்டும் மாறவேயில்லை. அதே அழுகல் வாடை, அதே கப்புகள். வாசற்படி வரை பளபளத்த தரை, கோடு கிழித்ததுபோல அங்கே நின்றுவிட்டிருந்தது. கூடம், சமையலறை, குளியலறை மூன்றும் பொது. அவரவர் அறை அவரவர் பாடு. அது இந்த வீட்டில் குடிவந்த நாளிலேயே பேசிக்கொண்டது. அந்தப் பேச்சை வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று சின்னவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்குப் பயமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

“எழுந்திரு. வீட்டுக்குப் போயிடலாம். எழுந்திரு அக்கா.”

“கதவச் சாத்திட்டுப் போ.”

“பூனைய யாரோ தோலுரிச்சுத் தொங்க விட்டிருக்காங்க. நீ இங்க குப்பைக்குள்ள படுத்துக்க.”

“இது என் ரூமு. நான் எப்படி வேணா கிடப்பேன். உனக்கென்ன?”

“உன் ரூமா? நாத்தம் வீடு பூரா அடிக்குது. இனிமே இதுவும் பொது இடந்தான். கேட்டுக்க. இதுவும் பொது இடந்தான்.”

தாழ்ப்பாளின் ஆணிகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. ஆத்திரத்தில் அதைப் பிடித்து இழுத்துப் பெயர்த்துக் கூடத்தில் வீசினாள். அது விழுந்து உருண்டது.

சுவருக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

மழை பிடித்தது. மாலையே இருட்டி, மின்சாரம் போயிற்று. அக்காவின் துணிகளைச் சின்னவள் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது வாசற்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“ஏய், மாப்பு எடுத்துட்டு வாடி. தெரு பூரா சேறு, செருப்பு வேற அறுந்து போச்சு. வேணாம், வேணாம், உன் ஆவியத் தொடைக்கச் சொல்லு,” என்று கூடத்திலிருந்து ரேடியோ கத்தினாள். ஈரக்கால்கள் சளக் சளக்கென்று நடந்தன. பிறகு அவள் சிரித்தாள். பிறகு, “ஏய், யாருடி அது, கால விடு,” என்றாள்.

கரக்.

ஒரே ஒரு அலறல். பிறகு தேய்க்கும் சத்தம், வேகமாக.

சின்னவள் கூடத்துக்கு வந்தபோது ரேடியோ மிதியடி மேல், கதவில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி இன்னும் முகத்துக்கு வந்து சேரவில்லை. கணுக்காலுக்குக் கீழே எலும்புகள் மட்டும் இருந்தன. கழுவி வைத்த பீங்கான் போல வெள்ளையாக. தரையில் சேறு இல்லை. ரத்தம் இல்லை. ஜன்னல் வழியே வந்த மங்கலான வெளிச்சத்தில் தரை ஏரித்தண்ணீர் போல அசையாமல் கிடந்தது.

“என் காலு,” என்றாள் ரேடியோ. “இங்க பாரேன், என் காலு.”

தன் மார்பு முழுக்க வாந்தி எடுத்தாள்.

தரையின் பளபளப்பில் ஒரு பகுதி மட்டும் நகர்ந்தது. அவள் மடிமேல் ஏறியது. மார்புக்கு வந்தது. சட்டை போயிற்று. தோல் போயிற்று. முகவாய். உதடுகள். பல்லின் மேல் கம்பி நார் உரசும் சத்தம். நாக்கு. ரேடியோவின் கண்கள் மட்டும் சின்னவளைப் பார்த்துக்கொண்டே இருந்தன, பிறகு அவற்றில் கண்ணீர் வந்தது, அதனால் கண்களும் போயின.

அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் நின்றது.

சின்னவள் நகரவில்லை. உள்ளங்கை வியர்த்தது. நெற்றி வியர்த்தது. ஒரு துளி தரையில் விழுந்தது.

பளபளப்பு அவள் பக்கம் திரும்பியது.

அவளுக்கே தெரியாமல் மண்டியிட்டாள். துப்பட்டாவை உருவித் துளியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அது ஒரு முழம் தள்ளி நின்றது. காத்திருந்தது. கை ஓய்ந்ததும் அரைச் சாண் நெருங்கியது. துடைத்தாள். நின்றது.

வேலை நடந்துகொண்டிருந்தால் அது குறுக்கே வராது.

துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். துடைத்துக்கொண்டே ரேடியோவைத் தாண்டி வாசற்கதவை எட்டினாள். கைப்பிடி இருந்த இடம் தட்டையாக இருந்தது. சாவித் துவாரம் இல்லை. தாழ்ப்பாள் இல்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்குகூட இல்லை. எல்லாம் ஒரே வழவழப்பு. ஜன்னல்களிலோ கம்பி.

அப்போது அது அவளை விட்டுத் திரும்பியது. மெதுவாக, கூடத்தின் குறுக்கே போயிற்று. திறந்து கிடந்த அக்காவின் அறைப் பக்கம்.

ஓடினாள். அதைத் தாண்டி ஓடினாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள். முடியைப் பிடித்து இழுத்தாள். கப்புகள் உருண்டன, உடைந்தன. முதல் கப்பின் பூஞ்சை மேல் கரக் என்றது.

“என்னடி பண்ற? விடுடி! வலிக்குது!”

“பேசாத. அழாத. தயவு செஞ்சு அழாத.”

அது கப்புகளைத் தேய்த்துக்கொண்டிருக்க, அக்காவை வெளியே இழுத்துவந்து குளியலறைக்குள் தள்ளி, தானும் நுழைந்து கதவைத் தாழிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் அறை சுத்தமாகிக்கொண்டிருந்தது. தட்டுகள். துணிகள். மெத்தை. ஒவ்வொன்றாக. பிறகு சத்தம் கதவருகே வந்தது. கதவுப் பலகையை ஒரே ஒரு முறை தேய்த்துப் பார்த்தது. தாழ்ப்பாளின் தலை கழன்று உள்ளே விழுந்தது.

அக்கா மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தாள். கழுத்து மடிப்பில் கருப்பாய் அழுக்கு. முழங்கை, நகக்கண், காது மடல். எவ்வளவு அழுக்கு! சின்னவள் வாளித் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தாள். சோப்பைப் போட்டாள். தேய்த்தாள்.

வெளியே அமைதி.

“பாத்தியா,” என்றாள். “நின்னுடுச்சு. நான் தேய்க்கிற வரைக்கும் வராது. கொஞ்சம் பொறுத்துக்கக்கா.”

சோப்பு கரைந்து தீர்ந்தது. கைகளால் தேய்த்தாள். கழுத்து அழுக்கு போகவில்லை. கதவுக்கு வெளியே மெல்ல ஒரு உரசல். குளியலறைத் தரையைத் தேய்க்கும் நாரை எடுத்தாள்.

“அது தரை தேய்க்கிறதுடி,” என்றாள் அக்கா.

“தெரியும்.”

முதலில் சிவந்தது. பிறகு கசிந்தது. ரத்தம் வழிந்து தோளில் இறங்கியது, தோளிலிருந்து தரைக்கு. தரையைத் துடைத்தாள். அதற்குள் கழுத்தில் மறுபடி வந்தது. கழுத்தைத் தேய்த்தாள். இன்னும் அதிகமாக வந்தது. எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருந்து வந்துகொண்டே இருந்தது. அக்கா அலறினாள். கண்ணீர். அதையும் தேய்த்தாள்.

“போதும்டி. போதும். சின்னு.”

“இன்னும் கொஞ்சந்தான். உன்ன அம்மாகிட்ட முழுசாக் கொண்டுபோய் விடணும். ஆடாம உக்காரு.”

அக்கா ஆடவில்லை. பிறகு பேசவும் இல்லை.

நார் தேய்ந்து, விரல்களுக்கு நடுவே உதிர்ந்து போயிற்று. சின்னவள் வெறுங்கையைப் பார்த்தாள். தரையில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. கை நின்றது.

கதவின் அடியில் இருந்த இடுக்கு வழியாக, நகமும் ரேகையும் இல்லாத ஒரு வெள்ளை விரல் உள்ளே நுழைந்தது. ஒரு புதுக் கம்பி நாரை அவள் முழங்கால் வரை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போயிற்று.

அவள் அதை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.