நூல்கண்டு எழுதிய கதவு

"ஆ...ஆ...!"

குளிர்பதனக் கிடங்கின் கதவைத் திறந்த லோடுமேன் போட்ட அலறலில் மாடி ஆபீசே இறங்கி ஓடி வந்தது.

உள்ளே...

உறைந்த பட்டாணிப் பெட்டிகளின் மேல் மல்லாந்து கிடந்தார் மேனேஜர். புருவமெல்லாம் பனி!

"போயிட்டாரா?"

போகவில்லை. மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"கொலை... கதவு தானா பூட்டிக்கிச்சு... உள்ள இருக்கிற எமர்ஜென்சி பட்டனை அமுக்கினேன், திறக்கல! எல்லாம் இவன் ப்ரோகிராம்!"

அவர் விரல் கூட்டத்தின் பின்வரிசையைக் காட்டியது.

அங்கே நூல்கண்டு நின்றிருந்தார்!

கிடங்குக் கதவுகளை இயக்கும் ப்ரோகிராமை எழுதிய சீனியர். அவர் எழுதினால் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. பட்டப்பெயர் வேறெப்படி வரும்?

மேனேஜரைக் கம்பளிக்குள் சுருட்டி வைத்த கையோடு இன்ஸ்பெக்டர் வந்தார். அங்கே வேலை பார்க்கும் ஜூனியர் ப்ரோகிராமர் பெண்ணின் அக்கா புருஷன். அவளுக்குத் தெரியும்... மாமாவுக்கு முதலில் கோபம், அப்புறம்தான் விசாரணை.

"பட்டனை அமுக்கினா கதவு திறக்குமா, திறக்காதா?"

நூல்கண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"எழுதும்போது புரிஞ்சுது சார்..."

"கோர்ட்ல சொல்லுங்க, கைதட்டுவாங்க. ஏறுங்க ஜீப்புல!"

"மாமா, நில்லுங்க!"

"ட்யூட்டில இருக்கேன். சார்னு கூப்பிடு."

"சார் மாமா... சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. நான் படிச்சுச் சொல்றேன்."

"முடியாது!"

"அக்காவுக்குப் போன் போடட்டா?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் முதலில் ப்ரோகிராமை அளந்து பார்த்தாள்.

"எதை அளக்கிற?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புரிஞ்சுக்க எவ்வளவு கஷ்டம்னு. 'இப்படி இருந்தா'ன்னு ஒரு கேள்வி. அதுக்குள்ள இன்னொண்ணு. அதுக்குள்ளயும் ஒண்ணு... ஆழம் போகப் போக மார்க் ஏறும். பதினைஞ்சு தாண்டினாலே வில்லங்கம். இது இருநூறு!"

"என் பிரஷரே அவ்வளவு இல்லையேம்மா!"

முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். உள்ளுக்குள் புதைந்த கேள்விகளை வெளியே இழுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதது செய்கிற வேலையையே பெயராக வைத்தாள். ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் பழசையும் புதுசையும் ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒரே பதில் சொன்னால்தான் அடுத்த முடிச்சு!

"சார், இந்த 'பப்பி'ன்னா என்ன?"

நூல்கண்டு நெளிந்தார். "எமர்ஜென்சி பட்டன்மா. அன்னிக்கு வேற பேர் தோணல... எங்க வீட்டு நாய் பேரை வெச்சுட்டேன்."

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது, கடைசி முடிச்சும் அவிழ்ந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"பட்டனை அமுக்கினா கதவு திறந்தே ஆகணும். பழசுலயும் அப்படித்தான். ப்ரோகிராம் மேல தப்பே இல்ல!"

நூல்கண்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ... அப்போ பட்டன்தான் ரிப்பேர்!" என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென்று கிடங்குக்குள் போனார். கதவு பூட்டிக்கொண்டது.

அவள் கதவையே பார்த்தாள். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது...?

'க்ளக்!'

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் கையைத் தேய்த்துக்கொண்டே வந்து மேனேஜரின் கம்பளியை விலக்கினார். சட்டைக்குள்...

இரண்டு ஸ்வெட்டர்!

"பட்டன் நல்லாத்தான் வேலை செய்யுது. திட்டம் போட்டுத்தான் உள்ள போயிருக்கீங்க. பட்டனைத் தொடவே இல்ல. ஏன்யா?"

மேனேஜர் உடைந்தார். "ஒரு வரி மாத்தணும்னாலும் இவர் காலைப் பிடிக்கணும். இந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப நானும் பாக்காத வழி இல்ல சார். 'அவர் போனா ப்ரோகிராம் யாருக்குப் புரியும்'னு முதலாளி விடல. சரி, ப்ரோகிராம் மேலயே பழியைப் போட்டா... எவன் படிச்சு இல்லேன்னு சொல்லப் போறான்னு..."

"ஏறுங்க ஜீப்புல!"

நூல்கண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்தார். சட்டென்று முகம் வாடியது.

"ஏம்மா... இனிமே இது எல்லாருக்கும் புரியுமா?"

"நேத்து சேர்ந்தவருக்குக்கூடப் புரியும் சார்!"

"ஐயையோ... அப்போ என் வேலை? இன்ஸ்பெக்டர் சார், காப்பாத்துங்க!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"உயிர் போற கேஸ்தான் சார் நான் பாப்பேன். வேலை போற கேஸெல்லாம் என் மச்சினிச்சி டிபார்ட்மென்ட்!"