முள் இறங்கும் இடம்

டப், டப், டப் என்று யாரோ உள்ளங்கையால் கார் கதவைத் தட்டினார்கள்.

பாலகுரு பதறித் திரும்பினான். வெம்பக்கோட்டை ரோட்டில் முன்னும் பின்னும் ஓர் ஆள் இல்லை. நாலு மணி வெயிலில் கருவேலங்காடு இலை அசையாமல் நின்றது. இரண்டு பக்கக் கண்ணாடியிலும் வெறும் வெளிச்சம். ஆனாலும் தட்டுவது நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் அது கதவிலிருந்து வரவில்லை, எஞ்சினுக்கு அடியிலிருந்து வருகிறது என்று அவன் காதுக்குப் பிடிபட்டது. மெக்கானிக் புத்தி விழித்துக்கொள்ள, பார்வை டேஷ்போர்டுக்குப் போனது. ஐம்பதில் நிற்க வேண்டிய ஆயில் கேஜ் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தான்.

"பிரஷர் இல்லை. அம்புட்டுத்தான்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான். ஆயில் பிரஷர் விழுந்தால் பேரிங் அடிக்கும். பேரிங் அடித்தால் கதவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். பழைய வண்டிக்கு இதெல்லாம் சகஜம்.

ஆனால் கார் நின்ற இடம் அவனுக்குத் தெரியும். சிறு பாலம். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பாதி கிழிந்த தேர்தல் போஸ்டர். அதைத் தாண்டி வலது பக்கம் செம்மண் பாதை, அதன் முடிவில் கூரை பறந்துபோன பட்டாசுக் கம்பெனிச் சுவர்கள். அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வருகிறான்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சின் ஆறும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெயிலில் வேகிற காருக்குள் வாழை இலையை அனலில் வாட்டின வாசம் லேசாக வந்தது. பக்கத்தில் எங்கும் வாழைத் தோப்பு இல்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது முள் ஒன்றுமே நடக்காததுபோல ஏறி ஐம்பதில் நின்றது. ஒர்க் ஷாப் வரைக்கும் இறங்கவேயில்லை.

வண்டி, காலண்டர் அச்சடிக்கும் தனுஷ்கோடி முதலாளியுடையது. அவருடைய அப்பா வாங்கிய லேண்ட்மாஸ்டர், அம்பாசடருக்கு மூத்தது. வெகு காலம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைப் பாலகுருவிடம் ஒப்படைத்து, எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கச் சொன்னார். வெள்ளை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. முதலாளி சம்சாரம் செல்லக்கனி அம்மா தன் கையால் தைத்த வெள்ளைத் துணி உறையைச் சீட்டுக்குப் போட்டாகிவிட்டது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அந்த அம்மா இதே காரில் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடப் போக வேண்டும். முதலாளி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஏலே, ஓட்டிப் பாக்கும்போது சீட்டுல ஒரு பொட்டு அழுக்குப் படக்கூடாது, பாத்துக்க."

படவிடவில்லை. அதுதான் இப்போது அவனைத் தூங்கவிடாமல் செய்கிறது.

மறுநாள் காலை ஆயில் அளக்கிற டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தான். ஆயில் அளவு சரியாக இருந்தது. ஆனால் போட்டு ஒரு வாரம்கூட ஆகாத ஆயில் கரி மாதிரி கறுத்திருந்தது. கம்பியின் நுனியை வெயிலில் சாய்த்தபோது, கறுப்புக்குள் பொடிப்பொடியாக வெள்ளி மின்னியது.

பக்கத்து லேத் பட்டறைக் கண்ணுச்சாமி எட்டிப் பார்த்தார். "பேரிங் தேயுது மாப்ளே. புதுசுனு சொல்லி எவனோ உனக்குப் பழசைக் கட்டிட்டான்." பிறகு காருக்குள் தலையை விட்டுச் சிரித்தார். "என்னலே, கண்ணாடி மேல பாக்குது? கூரைக்குப் பவுடர் பூசவா?"

பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடி கூரையை நோக்கித் திருகியிருந்தது. பாலகுருவின் காது மடல் சுட்டது. "தொடைக்கும்போது திரும்பியிருக்கும் மாமா" என்றான். நேராக்க அவன் கை போகவில்லை.

முதலில் கேஜ் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு வேறொரு கேஜை எஞ்சினிலேயே நேராக மாட்டினான். அதுவும் ஐம்பது காட்டியது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றிப் பார்த்தான். ஆயில் இளகினால் முள் கொஞ்சம் இறங்கும். அந்தக் கொஞ்சம்தான் இறங்கியது. பிரஷரைக் கட்டுப்படுத்துகிற வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றி, புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நீளத்தில் வித்தியாசம் இல்லை. ஒர்க் ஷாப்புக்குள் வண்டிக்கு ஒரு நோயும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் வேல்விழி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த களைப்போடு அழுத களைப்பும் முகத்தில் இருந்தது.

"எங்க ஆபீஸ்ல முன்ன வேல பாத்த வெள்ளைத்தாய் மதினி காலையில போயிருச்சு. பட்டாசுக் கம்பெனியில கூட இருந்தவக ஒருத்தரும் அன்னைக்கே மிஞ்சல. ஒடம்பெல்லாம் வெந்துபோன இதை மட்டும் வாழை இலையில சுத்தித்தான் மதுரைக்குக் கொண்டு போனாக. பிரயோசனம் இல்ல."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"சாகுறதுக்கு முன்ன புத்தி தெளிவாத்தான் இருந்துச்சாம். கம்பெனி வெடிச்ச ஒடனே ரோட்டுக்கு ஓடியாந்துச்சாம்ல. ஒரு வெள்ளைக் காரு மெதுவா வந்துச்சாம். கதவத் தட்டிருக்கு. உள்ள இருந்த பாவி பூட்டிட்டுப் போயிட்டானாம்."

"வெடிமருந்து ஒட்டுன ஆளப் பெட்ரோல் வண்டியில ஏத்துனா வண்டியும் சேந்துல்ல வெடிக்கும்" என்றான் பாலகுரு. வாய் தானாகச் சொல்லியது. அன்றிலிருந்து தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம்.

வேல்விழி அவனையே பார்த்தாள். "ஏத்த வேண்டாம். எறங்கி ஒரு வாய் தண்ணி ஊத்திருக்கலாம்ல?"

டிக்கியில் தண்ணீர் இருந்தது. ரேடியேட்டருக்காக, கேன் நிறைய. பழைய வண்டியை அது இல்லாமல் அவன் ரோட்டில் ஏற்றுவதே இல்லை. அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். உலகத்தில் மருந்துக்குப் பயப்படாதவன் யாரும் இல்லை, சிவகாசியில் பிறந்தவனுக்கு அந்தப் பயம் கூடுதலாகவே உண்டு. ஆனால் அன்றைக்கு அவன் பார்த்தது மருந்தை இல்லை. முழங்கை வரைக்கும் வெள்ளிப் பவுடர் படிந்த அந்தக் கை பின்கதவுக் கண்ணாடியில் அறைந்தபோது, "அண்ணே, தொறங்கண்ணே" என்று அந்தக் குரல் கேட்டபோது, அவன் திரும்பிப் பார்த்தது சீட்டை. கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்த வெள்ளை உறையை. பிறகுதான் பூட்டை அமுக்கினான். பிறகுதான் கண்ணாடியைக் கூரைக்குத் திருப்பினான்.

ஒரே ஒரு பொம்பளை. பின்னால் வேறு வண்டி வரும். அப்படித்தான் நினைத்தான். அவளுக்குப் பின்னால் புகை மட்டும்தான் இருந்தது. புகை மட்டும்தான்.

"ஏன் சாப்பிடல?" என்றாள் வேல்விழி.

"பசிக்கல."

அடுத்த நாள் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பை இறக்கினான். மனதுக்குள் வேண்டிக்கொண்டே இறக்கினான். பேரிங் தேய்ந்திருக்க வேண்டும். ஆயில் சல்லடை அடைத்திருக்க வேண்டும். தன் கைவேலை தப்பாகியிருக்க வேண்டும். ஊரே சிரிக்கட்டும், முதலாளி செருப்பைக் கழற்றட்டும். அந்த அவமானத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

சல்லடை சுத்தமாக இருந்தது. பம்ப்பின் பல்லில் ஒரு கீறல் இல்லை. பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே வழவழவென்று இருந்தன. எதுவும் தேயவில்லை. ஆனால் சம்ப்பின் அடியில் வண்டலாக வெள்ளி படிந்து கிடந்தது.

விரலில் எடுத்துத் தேய்த்தான். பேரிங் தூளாக இருந்தால் நறநறக்கும். இது முகப்பவுடர் மாதிரி வழுக்கியது. ரேகைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மண்ணெண்ணெயில் கழுவினான். சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. இந்த ஊரில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் கையில், கழுத்தில், காதோரத்தில் பார்ப்பதுதான். அலுமினியப் பவுடர். பட்டாசில் வெள்ளை வெளிச்சம் கொடுப்பது.

மூடியிருந்த எஞ்சினுக்குள்.

பின்கதவுப் பக்கம் போய்ப் பார்த்தான். கண்ணாடியின் நடுவில் ஐந்து விரலும் பதிந்த வெள்ளித் தடம். அன்று மாலையே அதைத் துடைத்தவன் அவன்தான். பழைய பனியனைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தான். பிறகு புரிந்து, கை அப்படியே நின்றது.

தடம் உள்பக்கத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி செல்போனில் கூப்பிட்டார். "என்னலே, வண்டி ரெடியா? அம்மா பொங்கப் பானையெல்லாம் எடுத்து வச்சிட்டா. அஞ்சரைக்கு வீட்டு வாசல்ல நிக்கணும்."

"ரெடி மொதலாளி. ஒண்ணும் கொறை இல்ல."

சொல்லிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடி, வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைச் சொருகினான். முள்ளை வெளிக்கு உயர்த்திக் காட்டுகிற திருட்டு வேலை. சந்தைக்கு வண்டி விற்கிறவர்கள் செய்வது. அவன் இதுவரை செய்ததில்லை. அன்றைக்கு வரை அவன் செய்யாதது எத்தனையோ இருந்தது.

ஆனால் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால்? ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க முடியாது. முள் இறங்குகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அங்கேயும் முள் இறங்காமல் நின்றால்தான் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.

மேகம் இறங்கியிருந்தது. வெயில் செத்து, ரோடு ஈயம் போலக் கிடந்தது. விஸ்வநத்தம் தாண்டியதும் எதிரில் வண்டிகள் குறைந்தன. முள் அறுபதில் நின்றது. வாஷரின் வேலை. பார்த்துக்கொண்டே ஓட்டினான். அறுபது. அறுபது. தூரத்தில் பாலம் தெரிந்தது. போஸ்டர் காற்றில் படபடத்தது.

ஐம்பது.

வாழை இலை வாசம்.

முப்பது. பத்து. முள் சரிந்தது. சத்தம் வந்தது. டப். டப். டப். இந்த முறை எஞ்சினிலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னால். இடது பின்கதவு. அன்றைக்கு அறைந்த அதே கதவு.

அணைத்தான். சத்தம் நிற்கவில்லை.

எஞ்சின் நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

டப். டப்.

பாலகுருவுக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. முப்பத்தெட்டு வயது ஆம்பளை, ஒரு துணி உறைக்காக. இறங்கினான். ரோட்டில் யாருமில்லை. காரைச் சுற்றி வந்தான். டிக்கியைத் திறந்து கேனை எடுத்து, பாலத்துச் சுவரோரம் மூடியைக் கழற்றி வைத்தான். இப்போது வைத்து என்ன? பிறகு பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தான். சுட்டது. மேகம் மூடிய சாயங்காலத்தில், அடுப்பில் கிடந்த தட்டுபோலச் சுட்டது.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "ஏறுங்க தாயி."

எதுவும் அசையவில்லை. கருவேலங்காட்டில் காற்றுகூட இல்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றான் என்று தெரியாது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

முள் எழுந்தது. ஐம்பதைத் தாண்டி அறுபதில் அசையாமல் நின்றது. எஞ்சின் இவ்வளவு அமைதியாக ஒருநாளும் ஓடியதில்லை. தட்டல் இல்லை. வாசம்கூட இல்லை. பாலகுரு மூச்சு விட்டான். முடிந்தது. அந்தத் தாய் ஏறிக்கொண்டுவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்று நினைத்தான். நேரே கொண்டுபோய் இருக்கன்குடியில் இறக்கிவிடலாம். ஆத்தா பார்த்துக்கொள்வாள்.

வண்டியைத் திருப்பும்போதுதான் கவனித்தான். ஸ்டீயரிங் லேசாக இருந்தது.

முன்சக்கரம் தரையில் பாதிதான் இருப்பதுபோல லேசு. பாலத்தின் மேட்டில் ஏறி இறங்கியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் கிறீச்சிட்டு, அடிப்பாகம் ரோட்டில் உரசியது. ஹெட்லைட்டைப் போட்டான். வெளிச்சம் ரோட்டில் விழாமல் மரக்கிளைகளில் விழுந்தது. இது எதற்கு ஆகும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். பின்னால் பாரம் கூடினால் ஆகும். ஒரு பொம்பளைக்கு ஆகாது.

கண்ணாடி கூரையைப் பார்த்தபடி இருந்தது. கை உயர்த்தினால் எட்டும். உயர்த்தவில்லை. அன்றைக்கும் அவன் பார்க்கவில்லை. புகை மட்டும்தான். புகை மட்டும்தான்.

ஊருக்குள் வந்துவிட்டான். விளக்குகள். பூக்கடை. ஆட்கள். யாரோ காரைப் பார்த்து நின்றார்கள். அவன் முள்ளையே பார்த்தான். அறுபது. பிடரியில் சூடு. ஒரு ஆள் மூச்சுவிடுகிற சூடு இல்லை அது. அதற்கும் மேல்.

முதலாளி வீட்டு வாசலில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கக் கை வரவில்லை. செல்லக்கனி அம்மா தலை நிறையப் பூவும் கையில் பொங்கல் பானையுமாகப் படியிறங்கி வந்தார். சிரித்த முகம். கதவைத் திறந்தார். குனிந்தார். ஒரு காலை உள்ளே வைக்கப் போனவர், எடுத்துக்கொண்டார். முகத்தில் பயம் இல்லை, சின்னச் சலிப்பு மட்டும்தான்.

"ஏன் தம்பி, ஒருத்தர் மடியில ஒருத்தரா இம்புட்டுப் பேர ஏத்திட்டு வந்திருக்கியே, நான் எங்கன உக்கார?"