சிங்கிள் ஓனர், 2016 மாடல்

பகலவன் தமிழ்ப்ரியாவை முதன்முதலில் பார்த்தது தரையில் மல்லாந்து கிடந்தபடி.

அதாவது, முதலில் பார்த்தது கொலுசு. பிறகு சேற்றில் பாதி அமுங்கிய செருப்பு. அதற்கு மேல் தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அவன் அதன் அடியில் செல்போன் வெளிச்சத்தில் ஆயில் ஒழுகுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

"யாருய்யா அது? டீசல் திருட வேற வூடு கெடைக்கலயா?"

"திருடன் இல்லீங்க... வாத்தியாரு."

கொலுசு கொஞ்ச நேரம் யோசித்தது.

"இன்னா வாத்தியாரு?"

"கணக்கு."

"மொதல்ல வெளிய வாங்க."

வந்தான். வந்த வேகத்தில் வண்டியின் பக்கப்படியில் நெற்றி இடித்தது. நிமிர்ந்து பார்த்தால்... கோமுகி அணைப் பக்கமிருந்து வந்த மழை அப்போதுதான் தூறத் தொடங்கியிருந்தது. ஒரு துளி அவள் இமையில் உட்கார்ந்து, விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் கண்டிப்பாக இருந்தன. கண்களுக்கு அந்தக் கண்டிப்பு பழக்கமில்லை போல... சிரித்துவிட்டன. கையில் மட்டும் துடைப்பக்கட்டை.

"போன்ல பேசினேங்க," என்றான் நெற்றியைத் தேய்த்தபடி. "2016 மாடல், சிங்கிள் ஓனர்னு உங்கப்பா சொன்னாரு."

"எந்த ஊருக்கு வண்டி?"

"மலைக்குங்க. வெள்ளிமலை தாண்டி உள்ள போவணும்."

இமையிலிருந்த துளி விழுந்தது. சிரிப்பும் கூடவே போய்விட்டது.

ஏன் என்று யோசிக்க நேரமில்லை. ராமசாமி வந்துவிட்டார். கச்சிராயபாளையத்தில் உரக்கடை, கொஞ்சம் கரும்பு, ஒரே மகள், ஒரே வண்டி. கடைசி இரண்டையும் பற்றி அவர் பேசும் தொனியில் பெரிய வித்தியாசம் இல்லை.

"பொங்கலுக்கு மொத நாளு எடுத்தது தம்பி. 2016. கொழந்த மாதிரி வச்சிக்கினு இருக்கேன். ஒரு நாளு நின்னதில்ல."

பகலவனுக்கு அந்த வருடம்தான் வேண்டும். இந்த வண்டியில் 2015 வரை வந்தவை ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடும், அடுத்த வருடம் கம்பெனி அதைச் சரிசெய்துவிட்டது என்று விசாரித்த எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் நிறம் பார்ப்பார்கள், சீட் பார்ப்பார்கள். அவன் வருடம் மட்டும் பார்த்தான். அக்கா கலையரசிக்கு அடுத்த மாதம் பிரசவம். போன முறை கூப்பிட்ட வாடகை ஜீப் பாதி வழியில் நின்றது. அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்க நேரம் இருக்கவில்லை. அன்று முதல் அவன் தூங்குவதே இன்ஜின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான்.

ராமசாமி சாவி எடுக்க உள்ளே போனார். தமிழ்ப்ரியா அருகில் வந்தாள்.

"சார்... இது வேணாம். வேற பாருங்க."

"ஏங்க?"

"வேணாம்னா வேணாம்."

"காரணம் சொன்னாதானே?"

அவள் வாசலைப் பார்த்தாள். "மலைக்கு இது..." என்று தொடங்கினாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டாள்.

பாதியில் நின்ற வாக்கியத்தைப் பகலவன் முடித்துக்கொண்டான். மலைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு? அவன் அதைக் கல்லூரி விடுதியில் கேட்டிருக்கிறான், பஸ்ஸில் கேட்டிருக்கிறான். இவ்வளவு அழகான வாயிலிருந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். காதுமடல் சூடாகிவிட்டது.

"எனக்குப் புடிச்சிருக்குங்க," என்றான் ராமசாமியிடம், சத்தமாக. "ஞாயித்துக்கெழம வூட்டாளுங்கள கூட்டியாறேன். எங்கக்கா ஒரு தபா உக்காந்து பாத்துட்டா முடிச்சுக்கலாம்."

அது அவர்கள் வீட்டு வழக்கம். யாருக்காக வண்டியோ, அவர் முதலில் ஏறி உட்கார வேண்டும். அவர் சரி என்றால்தான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம்.

அந்த வாரம் முழுக்க மலையில் மழை. வகுப்பில் கரும்பலகையில் கணக்கு எழுதுவான்... பாதியில் இமையில் நின்ற துளி ஞாபகம் வரும். உடனே கோபம் வரும். கோபத்துக்குப் பின்னாலேயே, 'எதற்கு அப்படிச் சொன்னாள்' என்ற பயமும் வரும். இந்த மூன்றில் எது முதலில் வருகிறது என்று அவனால் வரிசைப்படுத்த முடியவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இது அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இறங்கினார்கள். அம்மா பாப்பாத்தி, அக்கா, அக்கா வீட்டுக்காரர் மாதன், பின்னால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பகலவன். தமிழ்ப்ரியா அவனைப் பார்த்தாள். அவன் வண்டியின் டயரைப் பார்த்தான்.

அவள் நடு சீட்டில் தலையணை போட்டு, கலையரசியின் கையைப் பிடித்து ஏற்றினாள்.

"நல்லாகீதா அக்கா?"

"மெத்து மெத்துனு கீது. இது நின்னுடாதுல்லமா?"

தமிழ்ப்ரியா தலையணையைச் சரிசெய்தாள். "ஆஸ்பத்திரி கீழதானக்கா கீது? நீங்க வர்றது எறக்கம்தான?"

அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற குரல் அது. சமவெளிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் உருண்டே வந்துவிடலாம் என்று.

"எங்க ஊரு பள்ளத்துல கீதுமா," என்றாள் கலையரசி. "ஏறித்தான் எறங்கணும். போன தபா அந்த ஏத்தத்துலதான் ஜீப்பு நின்னுச்சு."

சொல்லிவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். மாதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தமிழ்ப்ரியா வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பகலவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் இளக்காரம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. பயம் இருந்தது... அவனுடையதைவிட அதிகமாக.

"அப்பா, இத இவங்களுக்குக் குடுக்காத."

"இன்னாடி ஒளர்ற?"

"இது 2015 வண்டிப்பா. நீ எடுத்தது பொங்கலுக்கு. கம்பெனில செஞ்சது அதுக்கு முந்தின டிசம்பர். கதவோரத் தகட்டுல அடிச்சிகீது பாரு. ஏத்தத்துல ஆள ஏத்தினா கொதிச்சு நின்னுடும்."

"இத்தினி வருசமா எங்கிட்ட நிக்காத வண்டி..."

"நீ மலையேறினதே இல்லப்பா."

"நீ ஏறினியா?"

மழை கூரைத் தகட்டில் தட்டத் தொடங்கியது. அவள் தலை குனிந்தது.

"ஏறினேன். போன ஆவணில சின்னசேலத்துல கல்யாணம்னு சொல்லிட்டுப் போனேன்ல... கல்யாணம் இல்ல. சிநேகிதிங்களோட மேகம் அருவிக்கு. வளைவுல நின்னுடுச்சு. பொழுது சாயற வரைக்கும் மழைல நின்னோம். மெக்கானிக்குதான் தகட்டக் காட்டினாரு."

ராமசாமி தகட்டைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு மகளிடம் கையை நீட்டினார். அவள் தன்னிடமிருந்த சாவியை வைத்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பகலவன் அன்றைக்கே கதவைத் திறந்து அந்தத் தகட்டைப் பார்த்திருந்தால்... பார்த்திருக்கலாம். கோபித்துக்கொள்வதில் மும்முரமாக இருந்துவிட்டான். அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கினான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வண்டி இல்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. கலையரசிக்குக் கால் வீங்கியது. அம்மா ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து உட்கார்ந்தாள்.

ஒரு காலையில் போன்.

"ராமசாமி பேசறேன் தம்பி. சின்னசேலத்துல எம் மச்சான் தனசேகரன்கிட்ட ஒரு வண்டி கீது. தகடு பாத்துட்டேன், 2017 செஞ்சது. ஆனா மலை ஏத்திப் பாக்காம வாங்காதீங்க. எம் பொண்ணு ஓட்டட்டும். அந்த வளைவு அவளுக்குத்தான் நல்லாத் தெரியுமாம்." ஒரு நொடி நிறுத்தினார். "நானும் வரேன்."

ஏழு பேர் பாரத்தோடு ஏற்றிப் பார்க்க ஆளுக்கு எங்கே போவது? உரக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை. பின்னால் இரண்டு வரிசையிலும் யூரியா மூட்டைகளை ஏற்றிவிட்டார். மூட்டைகளுக்கு நடுவில் இன்னொரு மூட்டையாகத் தானும் உட்கார்ந்துகொண்டார். முன்னால் பகலவன். ஸ்டியரிங்கில் தமிழ்ப்ரியா.

அடிவாரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் வளைவில் பேச்சு நின்றது. பகலவனின் கண் சூடு காட்டும் முள்ளில். அவள் கண் சாலையில். அப்பாவின் கண் இருவர் மீதும். பழைய வண்டி நின்ற வளைவு வந்தது... அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்தன. இரண்டாவது கியர். இன்ஜின் முனகியது.

முள் நடுவிலேயே நின்றது. வளைவு பின்னால் போனது. வெள்ளிமலையும் போனது. அவன் ஊர்ப் பள்ளத்தில் இறங்கி, ஜீப் நின்ற அந்த ஏற்றத்தில் திரும்ப ஏறினார்கள். மூட்டைகளோடு, மழையோடு, ஒரே மூச்சில். மேலே வந்ததும் அவள் ஓரமாக நிறுத்தினாள். பகலவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் வைப்பரை நிறுத்தினாள், சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தவள் போல.

ராமசாமி தொண்டையைக் கனைத்தார். "மச்சானுக்கு போன் போடணும். இங்க சிக்னல் இல்ல." குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

கண்ணாடியில் மழை வழிந்தது. வெளியே கல்வராயன் மலை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"அன்னிக்கி நீங்க 'மலைக்கு இது'ன்னு நிறுத்தினீங்க," என்றான். "மலைக்காரனுக்கு எதுக்குன்னு கேக்க வந்தீங்கன்னு நெனச்சுட்டேன்."

"தெரியும். மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சு." அவள் திரும்பவில்லை. "அப்படி நெனச்சும் ஞாயித்துக்கெழம எதுக்கு வந்தீங்க?"

"வீம்புக்கு."

"அவ்ளோதானா?"

அவன் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வரலன்னா... உங்கள பாக்க முடியாதுல்ல. அக்காவ இந்த நெலமைல வச்சிக்கினு அப்படி நெனச்சது தப்புதாங்க. ஆனா அதான் நெசம்."

அவள் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். காது வரை சிவந்திருந்தது.

"சாவி போச்சுன்னு நான் இத்தினி நாளா அழுவறேன்னு எங்கம்மா நெனச்சுக்கினு கீது," என்றாள். "சாவிக்கு இல்ல. வண்டி இல்லன்னா நீங்க எதுக்கு எங்க வூட்டுக்கு வரப்போறீங்கன்னு..."

"வண்டி இல்லன்னாலும் வருவேன்."

"எப்ப?"

"அக்காவுக்குக் கொழந்த பொறந்ததும். மொத சேதி உங்க வூட்டுக்குத்தான்."

தூரத்தில் குடை திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் சாவியைத் திருகினாள். இன்ஜின் சத்தத்துக்குள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அதுக்கு இன்னும் மூணு வாரம் கீதே..."