சாளை எண்ணெய்க் கதவு

கிளாராவுக்குப் பேச்சுத் துணை ஒரு கதவுதான். அதுவும் பதில் பேசாத கதவு.

கப்பலில் சாமான் வந்த பெட்டிகளின் பலகைகளைச் சேர்த்து அவள் அப்பா ததேயுஸ் செய்த கதவு அது. மெத்தென்ற மரம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். கிறிஸ்துமஸ்தோறும் அப்பா கிளாராவை அதில் சாய்த்து நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராக ஆணியால் ஒரு கோடு கீறுவார். மூன்றாவது கோடு போட்ட மறுவாரம் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார்.

நம் தென்கோடி ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த காலம் அது. கருவாடு விற்க வசதியாக, அம்மா கடற்கரையை விட்டுச் சுசீந்திரத்துப் பக்கம் குடிவந்தாள். மாட்டுவண்டியில் கதவும் கூடவே வந்தது.

புதுப் பள்ளிக்கூடத்தில் கிளாராவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "கருவாட்டு வாடை!" என்று மூக்கைப் பிடித்தார்கள். அதையெல்லாம் அவள் சாயங்காலம் வந்து மூன்றாவது கோட்டிடம் சொல்வாள்.

ஐப்பசி மழை நெருங்கியது. அம்மா ஒரு டப்பா பச்சைப் பெயிண்டோடு வந்தாள்.

"ஏட்டி, கதவுக்கு இதை அடிச்சிருவோம். இல்லேன்னா ஒரு மழையில பலகை இத்துப் போவும்."

"அடிச்சா கோடு மறைஞ்சிருமே அம்மா!"

"கோடு பெருசா, கதவு பெருசா?"

கிளாராவுக்கு இரண்டும்தான் பெரிது. தார் பூசினாலும் கோடு மறைந்துவிடும். சும்மா விட்டால் கதவே போய்விடும். யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்தது.

அப்போதுதான் கடற்கரையில் மீன்பிடிக்கப் போகும் மர வள்ளங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றுக்குச் சாளை மீன் எண்ணெய் பூசுவார்கள். மரம் அதைக் குடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் லேசில் இறங்காது. மரத்தின் வரிகள்கூட அப்படியே தெரியும்.

ஆனால் நாற்றம்? நாலு வீடு தாண்டி அடிக்குமே! இனி இந்தத் தெருப்பக்கமே யாரும் வரமாட்டார்கள்.

கிளாரா வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாளை எண்ணெய் வாங்கித் தா அம்மா" என்றாள்.

கருவாடு எடுக்கக் கடற்கரைக்குப் போன அம்மா ஒரு குப்பி எண்ணெய் கொண்டுவந்தாள். கதவை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, கிளாரா துணியால் அழுத்தி அழுத்திப் பூசினாள். கோடுகள் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. தெருவில் போனவர்கள் ஓட்டமாக ஓடினார்கள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், வாசலில் ஆறு பூனைகள்! ஆறும் கதவை நக்கிக்கொண்டிருந்தன.

கிளாரா வயதே ஆன எதிர்வீட்டுச் செல்லக்கனி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி, எங்க பூனையைப் பாத்தியா?"

"இதுல எது உங்க பூனை?"

"அந்தக் கறுப்பு! வீட்டுல பாலு இருக்கு. அதுக்கு உங்க கதவுதான் ருசியா இருக்காம்!"

பூனையைத் தூக்க இரண்டு கை வேண்டுமே. மூக்கை விட்டாள். பூனை நழுவி ஓடியது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"இது என்ன கோடு?" என்று கேட்டாள் செல்லக்கனி.

கிளாரா எல்லாவற்றையும் சொன்னாள். செல்லக்கனி கதவில் முதுகை ஒட்டி நின்றாள். "எனக்கும் ஒண்ணு போடுவியா?"

அப்பா மட்டுமே கோடு போட்ட கதவு. கிளாரா சற்றுத் தயங்கினாள். பிறகு உள்ளே போய் ஆணியை எடுத்துவந்தாள்.

மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கிளாரா விரலில் எண்ணெய் தொட்டு அதன்மேல் தேய்த்தாள்.

"மழைக்கு முன்னால இதுக்கும் பூசணும்லா?"

அன்று சாயங்காலம் கதவிடம் பேச அவள் மறந்தே போனாள்.